களைப்பு யார் கணக்கில்?

என் மனைவியின் அக்காள் மகன் கலிபோர்னியாவில் பொறியாளனாக இருக்கிறான். ஆண்டுக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு நாளாவது தங்காமல் திரும்ப மாட்டான். சென்ற தடவை வந்திருந்தபோது, இரவுச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் குதிரையில் வந்து நின்றது. அவன் இருக்கும் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், மலைகளின் வழியாக ஆண்டுதோறும் 100 மைல் குதிரைச் சவாரிப் பந்தயம் ஒன்று நடக்கிறது. அங்கே தொண்டனாகப் போய்த் தண்ணீர் வாளி சுமந்துவிட்டு வந்திருக்கிறான்.

"சித்தப்பா, அங்கே ஓர் அதிசயத்தைப் பார்த்தேன்" என்றான். "முன்னால் வருகிற ஆள், தங்குமிடம் கண்ணுக்குத் தெரிந்ததும் குதிரையை விட்டு இறங்கிவிடுகிறார். கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிறார். பின்னால் வருகிறவர் நாலு கால் பாய்ச்சலில் அவரைத் தாண்டிக்கொண்டு போகிறார். இவர் கவலைப்படுவதே இல்லை!"

"பந்தயத்தில் தோற்றுப் போவாரே?"

"அதுதான் இல்லை. தாண்டிப் போனவர் அங்கிருந்து பின்னால்தான் புறப்படுகிறார். இறங்கி நடந்தவர் முன்னாலேயே கிளம்பிப் போய்விடுகிறார்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. முயலும் ஆமையும் ஓடிய கதையை நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். படுத்தவன் தோற்றான் என்பதுதான் அதிலிருந்து நம் மனத்தில் தங்கிய பாடம். ஓய்வு என்றால் வேலையிலிருந்து கழிக்கப்பட்ட நேரம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இவன் சொல்லும் பந்தயத்திலோ, ஓய்வெடுக்கத் தெரிந்தவன் ஜயிக்கிறான். அது எப்படி என்று துருவித் துருவிக் கேட்டேன். அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பந்தயங்களின் விதிகளையும் வரலாற்றையும் தேடிப் படித்தேன். குதிரையின் முதுகில் ஒரு நாள்கூட ஏறி உட்கார்ந்தறியாத எனக்கு அதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த விதியைப் பார்ப்போம்.

நெடுந்தூரச் சவாரிப் பந்தயத்தில் பாதையைப் பல கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். கட்டம் முடியும் இடத்தில் கால்நடை மருத்துவர்கள் காத்திருப்பார்கள். குதிரை வந்து சேர்ந்ததும் அதன் நாடித் துடிப்பை எண்ணுவார்கள். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிஷத்துக்கு 30 முதல் 40 தடவை வரை துடிக்கும். முழுப் பாய்ச்சலில் அது 200-ஐயும் தாண்டிவிடும். ஓடி வந்த குதிரையின் துடிப்பு, சர்வதேச விதிப்படி, 64-க்கு இறங்கவேண்டும். அமெரிக்கப் பந்தயங்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். குறித்த கெடுவுக்குள் இறங்காவிட்டால் குதிரை அங்கேயே விலக்கப்படும். இறங்கிவிட்டால் கட்டாய ஓய்வு உண்டு. பெரும்பாலும் 40 நிமிஷத்திலிருந்து ஒரு மணி வரை. அந்த ஓய்வு முடியும்வரை யாரும் அங்கிருந்து புறப்பட முடியாது.

விதியின் சூட்சுமம் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. ஓய்வு நேரம், குதிரை வந்து நின்ற கணத்தில் ஆரம்பிப்பதில்லை. துடிப்பு இறங்கிய கணத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதுவரை கழியும் நிமிஷங்கள் எல்லாம் சவாரி நேரமாகவே எழுதப்படும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கடைசிவரை விரட்டிக்கொண்டு 9 மணிக்கு வந்து சேருகிறார். குதிரை வியர்வை சொட்ட, விலா எலும்புகள் ஏறி இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் துடிப்பு 64-க்கு வர 12 நிமிஷம் ஆகிறது. இரண்டாமவர் கடைசிக் கால் மைலைக் குதிரையோடு நடந்து கடந்து 9 மணி 6 நிமிஷத்துக்கு வருகிறார். வந்த 2 நிமிஷத்தில் துடிப்பு இறங்கிவிடுகிறது. ஓய்வு இருவருக்கும் 40 நிமிஷம். முதலாமவர் 9-52-க்குக் கிளம்பலாம். இரண்டாமவர் 9-48-க்கே கிளம்பிவிடுவார். ஆறு நிமிஷம் பின்தங்கி வந்தவர் நான்கு நிமிஷம் முந்திக்கொண்டு போகிறார். அவருடைய குதிரையோ அடுத்த கட்டத்துக்கு அதிகத் தெம்போடு போகிறது. துடிப்பு இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும் குதிரைகள் அடுத்த கட்டங்களில் விலக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதை இத்தகைய பந்தயங்களை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள்.

ஓய்வு கிடைத்த அந்த முக்கால் மணியில் என்ன நடக்கிறது தெரியுமா? சேணத்தை அவிழ்க்கிறார்கள். கழுத்திலும் காலிலும் தண்ணீர் ஊற்றி வழித்துவிடுகிறார்கள். புல்லும் தவிடும் வைக்கிறார்கள். மருத்துவர் ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்கிறார். தோலைக் கிள்ளி விட்டு, அது உடனே படிகிறதா என்று பார்க்கிறார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். ஆரோக்கியமான குதிரையின் குடல் ஓயாமல் சலசலத்துக்கொண்டிருக்கும், அது மௌனமாகிவிட்டால் ஆபத்து. பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, கால் நொண்டுகிறதா என்று கவனிக்கிறார். ஓய்வு நேரம் முடிவதற்குள் தசைகள் குளிர்ந்து விறைத்துப் போகாமல் இருக்க, குதிரையின் பின்புறத்தில் கம்பளி போர்த்துகிறார்கள். ஓய்வுக்கும் அளவு உண்டு. அதுவும் மிஞ்சினால் உடம்பு மரத்துப் போகும்.

அந்த இளைஞன் போய்வந்த பந்தயத்துக்கு டெவிஸ் கோப்பை என்று பெயர். வெண்டெல் ரோபி என்ற மர வியாபாரி, நண்பர்கள் சிலரோடு 1955-இல் அதை ஆரம்பித்தார். தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் என்ற ஊர் வரை, பழைய காலத்தில் தங்கம் தேடிப் போனவர்கள் நடந்த மலைத் தடங்களின் வழியாக 100 மைல். விடியற்காலை 5-15-க்குப் புறப்பட்டால் மறுநாள் விடியற்காலை 5-15-க்குள் வந்து சேரவேண்டும். இரவில் மலைப் பாதை கொஞ்சமாவது தெரியவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே நாள் குறிக்கிறார்கள். வழியில் ராபின்சன் பிளாட்டில் ஒரு மணி, பாரஸ்ட்ஹில்லில் ஒரு மணி கட்டாய ஓய்வு. அந்த இரண்டு மணியும் 24 மணிக்குள் அடக்கம். அதாவது, ஓடக் கிடைப்பது 22 மணிதான். புறப்படும் குதிரைகளில் ஏறத்தாழப் பாதிதான் முடிவை எட்டும். குதிரை கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. மருத்துவர் பார்த்து, 'இது இன்னும் மேலே போகத் தகுதியுள்ள ஸ்திதியில் இருக்கிறது' என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் வெள்ளிப் பக்கிள்.

கட்டாய ஓய்வைக் கணக்கில் சேர்ப்பதில் இருவிதமான பழக்கம் இருப்பதைக் கவனித்தேன். அமெரிக்க முறையில் ஓய்வும் மொத்தக் கெடுவுக்குள் சேர்த்தி, கடிகாரம் நிற்பதில்லை. சர்வதேச முறையில் ஓய்வைக் கழித்துவிட்டுச் சவாரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஓய்வு என்பதால் யார் முந்தினார் என்பதில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் எனக்கு முதல் பழக்கமே பிடித்திருக்கிறது. ஓய்வெடுத்த நேரமும் பயணத்தின் பகுதிதான் என்று அது ஒப்புக்கொள்கிறது. இரண்டு முறைக்கும் பொதுவான அந்த மற்ற விதிதான், துடிப்பு இறங்கும்வரை கடிகாரம் விடாது என்ற விதிதான், என்னைப் பல நாள் விடாமல் பிடித்துக்கொண்டது.

ஒருவன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இன்னொன்று அவனைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. எங்கே போவது, எவ்வளவு வேகத்தில் போவது என்று தீர்மானிப்பவன் மேலே இருப்பவன். களைத்துப் போவது கீழே இருப்பது. பெயரும் கோப்பையும் மேலே இருப்பவனுக்கு. உலகத்தில் பெரும்பாலான காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. இங்கே எழும் பழைய நியாயக் கேள்வி ஒன்று உண்டு: அந்தக் களைப்பை யார் கணக்கில் எழுதுவது? வழக்கமாக அது சுமந்தவன் கணக்கிலேயே எழுதப்படுகிறது. அவன் உடம்பில், அவன் ஆயுளில் எழுதப்படுகிறது. இந்தப் பந்தய விதி அதைத் தூக்கி ஏறியிருப்பவன் கணக்கில் எழுதிவிட்டது. 'உன் குதிரையின் நெஞ்சு படபடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் உன்னுடைய நஷ்டம்' என்று சொல்லிவிட்டது.

இந்த விதி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1892 அக்டோபரில் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஒரு பெரிய சவாரிப் பந்தயம் நடந்தது. ஜெர்மன் சேனையின் அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரிய சேனையின் அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்குமாகக் குதிரை ஏறினார்கள். தூரம் சுமார் 580 கிலோமீட்டர். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஸ்டார்ஹெம்பர்க் பிரபு 72 மணி நேரத்துக்குள் வந்து முதற்பரிசு பெற்றார். ஜெர்மானியரில் முதலாவதாக வந்தவர் ரைட்ஸன்ஸ்டைன் என்பவர். அவர் ஏறிவந்த லிப்ஸ்பிரிங்கே என்ற பெட்டைக் குதிரை வியன்னாவை அடைந்த பிறகு செத்துப் போயிற்று. இருபதுக்கு மேற்பட்ட குதிரைகள் அந்தப் பந்தயத்துக்குப் பலியாயின. அந்த அதிகாரிகள் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குதிரைப்படைக்காரர்கள் குதிரையை நேசிக்கிறவர்கள். தட்டிக்கொடுத்திருப்பார்கள், காதருகில் அன்பாகப் பேசியிருப்பார்கள். ஆனால் அவர்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் கடிகாரம் அவர்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. குதிரையின் களைப்போ எந்தக் கடிகாரத்திலும் பதியவில்லை. அன்பு ஒரு பக்கமும் கடிகாரம் ஒரு பக்கமுமாக இழுத்தால், பெரும்பாலும் கடிகாரம்தான் ஜயிக்கிறது.

களைப்பைக் கணக்கிலேயே கொண்டுவராமல் இருக்க இன்னொரு வழியும் உண்டு. 1860 ஏப்ரலில் அமெரிக்காவில் போனி எக்ஸ்பிரஸ் என்ற தபால் சேவை ஆரம்பமாயிற்று. மிசௌரியிலுள்ள செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள சாக்ரமென்டோ வரை சுமார் 10 நாளில் தபால் போய்ச் சேர்ந்தது. குதிரைகள் ஓய்வெடுக்க அங்கே தபால் காத்திருக்கவில்லை. 10, 15 மைலுக்கு ஒரு நிலையம். அங்கே புதுக் குதிரை தயாராக நிற்கும். தபால் பையைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டு புறப்படவேண்டியதுதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் தந்திக் கம்பி வந்து அந்தச் சேவையை மூடிவிட்டது. ஆனால் அந்த முறை மட்டும் மூடப்படவே இல்லை. மாற்றுக் குதிரை கையில் இருக்கும்வரை, இறக்கிவிடப்பட்ட குதிரை எப்படி மூச்சு வாங்குகிறது என்று திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் நேருவதில்லை. இன்று பல காரியாலயங்களில் இளைஞர்களை நடத்தும் விதத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த நிலையங்களின் ஞாபகம் வருகிறது. ஒருவன் நின்றால் இன்னொருவன் இருக்கிறான். களைப்பு யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அது வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இவ்வளவும் ஊரார் கதை. எனக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன்.

அன்று இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். "சித்தி, இதைக் கேளுங்கள். மணிக்கணக்காக ஓடி, உடம்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் போயிருக்கும். அப்படியும் சில குதிரைகள் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தனக்குத் தாகமாயிருப்பதே அதற்குத் தெரியாதாம்."

அது உண்மைதான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதனுடைய வியர்வையில் உப்புக் குறைவு. தண்ணீர் அதிகமாக வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. அதுவே தாகமாகக் கூப்பிடுகிறது. குதிரையின் வியர்வையில் ரத்தத்தில் இருக்கும் அளவோ அதற்கு அதிகமாகவோ உப்பு இருக்கிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் உடம்பு வற்றினாலும் தாகம் எழுவதில்லை. அல்லது மிகத் தாமதமாக எழுகிறது. ஆகையால்தான் அனுபவசாலிகள் குதிரைக்கு வழியில் உப்பு ஊட்டுகிறார்கள். மருத்துவர்களும் குதிரை தொட்டியை நாடுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கிறார்கள்.

பையன் அதைச் சொன்னபோது என் மனைவி காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். "குதிரைக்குக்கூட அப்படியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

நான் இன்னும் கையால் எழுதுகிறவன். என் கையெழுத்தைப் பத்திரிகை ஆசிரியர்கள் யாராலும் படிக்க முடியாது. ஆதியிலிருந்து அவள்தான் அதைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவாள். சில ஆண்டுகளுக்குமுன் வாரப் பத்திரிகை ஒன்றில் என் தொடர்கதை ஒன்றரை வருஷம் வந்தது. ஒவ்வொரு வாரமும் கெடு நாளுக்கு முந்தின இரவுதான் அத்தியாயத்தை முடிப்பேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாலையில் வந்து, சமையல் முடித்து, குழந்தைகளின் பாடம் பார்த்து, மறுநாள் வகுப்புக்கு வேண்டியதை எழுதிவைத்து, பத்து மணிக்குமேல் என் தாள்களோடு உட்காருவாள். நான் பக்கத்து அறையில் படுத்துவிடுவேன். எழுதி முடித்தவனுக்கு ஓய்வு வேண்டாமா?

படுக்கப் போகுமுன் தவறாமல் கேட்பேன்: "களைப்பாக இருக்கிறதா?"

"இல்லையே" என்பாள்.

ஒரு நாள் காலை அத்தியாயத்தைத் திறந்து பார்த்தால், நடுவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்று, அதன்பின் மூன்று பக்கத்துக்கு 'ன' என்ற ஒரே எழுத்து வரிசை வரிசையாகப் போயிற்று. விரல் பொத்தான்மேல் கிடக்க, அப்படியே தூங்கிவிட்டிருக்கிறாள். நான் சிரித்தேன். நண்பர்களிடம் சொல்லியும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் இருக்கவேண்டிய சிவப்புச் சத்தில் பாதிதான் இருந்தது. "எவ்வளவு நாளாகக் களைப்பு இருக்கிறது?" என்று டாக்டர் கேட்டார். அவள் யோசித்தாள். "களைப்பா? அப்படி ஒன்றும் இல்லையே" என்றாள். டாக்டர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையிலிருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் தியாகம் செய்யவேண்டும் என்றும் நினைத்திருக்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. நின்றால் தன் களைப்பு தெரியும். நிற்க ஒரு நாளும் அவகாசம் வாய்க்கவில்லை. எனக்கோ, கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி இருந்தது. அந்தக் கேள்வியும் பதிலும் சேர்ந்து என் மனச்சாட்சிக்கு நல்ல தலையணையாக இருந்தன. அந்த நாவல் புத்தகமாக வந்தபோது முன்னுரையில் அவளுக்கு ஒரு வரி நன்றி எழுதினேன்.

மனைவியைக் குதிரையோடு ஒப்பிடுகிறானே என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டால் குதிரையின் நிலைதான் மேலாக இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு தங்குமிடத்திலும் நாடி பார்க்க ஒருவர் இருந்தார்.

இந்த விஷயத்தை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தச் சவாரிக்காரன் இரக்கத்தினாலா இறங்கி நடக்கிறான்? சீக்கிரம் புறப்படலாம் என்ற லாபத்துக்காக நடக்கிறான். லாபத்துக்காகச் செய்வதை அறம் என்று சொல்வீர்களா? அதுவும் போகட்டும். 100 மைல் ஓடவேண்டும் என்று குதிரையா கேட்டது? ஓடவே விடாமல் இருப்பதல்லவா உண்மையான இரக்கம்?" என்றார்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. குதிரை கேட்கவில்லைதான். ஆனால் உலகத்தில் சுமைகள் இருக்கும்வரை ஒருவர் சுமக்க ஒருவர் ஏறியிருப்பது முற்றிலும் ஒழியப் போவதில்லை. வீட்டிலும் ஒழியவில்லை. ஒழியும் நாள் வரட்டும் என்று காத்திருப்பவன், அதுவரைக்கும் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

முதற் கேள்விக்கு நான் கொஞ்சம் துணிந்து பதில் சொல்வேன். இரக்கம் உள்ளத்தில் சுரக்கவேண்டும், வெளியிலிருந்து விதியால் வரக்கூடாது என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். என் கதைகளில்கூட மனம் மாறித் திருந்துகிற மனிதர்கள் நிறைய வருவார்கள். இப்போது அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. என் உள்ளத்தில் இரக்கம் சுரக்காமல் இல்லை. அது சுரந்தபோது மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தது. கெடு மறுநாள் காலை. நல்லெண்ணம் வேலை செய்வதற்கும் ஓர் இடம் செய்து கொடுக்கவேண்டியிருக்கிறது. லாபத்துக்காக இறங்கி நடக்கப் பழகுகிறவன், நடக்கும்போது குதிரையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறான். முதுகின்மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த முகம் தெரிந்திருக்காது. பார்த்துப் பழகினால் மற்றது பின்னால் வரலாம்.

வராமலும் போகலாம். அதையும் மறைக்கக்கூடாது. பாலைவனத்துச் சமதரைகளில் இதே பந்தயங்கள் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நடக்க ஆரம்பித்தபோது, எலும்பு முறிந்தும் களைத்து விழுந்தும் குதிரைகள் மடிந்தன. 2015 மார்ச்சில் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம், குதிரைகளின் நலனைக் காரணம் காட்டி, ஐக்கிய அரபு எமிரேட்ஸின் தேசியச் சம்மேளனத்தைச் சில மாதங்கள் விலக்கி வைத்தது. விதி இருந்தது, 64 என்ற எண்ணும் இருந்தது. ஆட்கள் கூட்டமாகக் கூடிக் குளிர்ந்த நீரை ஊற்றித் துடிப்பை இறக்கிக் காட்டிவிட்டால், எண் சரியாகிவிடும். களைப்பு உள்ளேயே இருக்கும்.

அதற்கும் மருத்துவர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை துடிப்பை எண்ணிய பிறகு, குதிரையை 125 அடி ஓட்டிப் போய்த் திரும்பி வரச் சொல்கிறார்கள். ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிஷம் ஆனதும் மறுபடி எண்ணுகிறார்கள். தெம்புள்ள குதிரையின் துடிப்பு பழைய அளவுக்கே இறங்கியிருக்கும். சில சமயம் அதற்கும் கீழே போயிருக்கும். களைத்த குதிரையின் துடிப்பு ஏறியே நிற்கும். ஒரு தடவை கேட்டால் இதயம்கூட 'இல்லையே' என்று சொல்லிவிடுகிறது. இரண்டாம் தடவையும் கேட்கவேண்டியிருக்கிறது.

டெவிஸ் பந்தயத்தில் 1964 முதல் இன்னொரு கோப்பையும் தருகிறார்கள். ஹாகின் கோப்பை என்று பெயர். முதலில் வந்து சேர்ந்த பத்துக் குதிரைகளில், மறுநாள் பரிசோதிக்கும்போது எது மிக நல்ல ஸ்திதியில் இருக்கிறதோ அதற்கு அந்தக் கோப்பை. பத்தாவதாக வந்த குதிரைகூட அதைப் பெறலாம். முதலாவதாக வருவதைவிட இதைப் பெறுவதையே பெருமையாக நினைக்கிற சவாரிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நாமும் நம் வெற்றிகளை இப்படி மறுநாள் காலையில் ஒரு தடவை பரிசோதித்துப் பார்க்கலாம். ஜயித்து வந்தவனை விட்டுவிட்டு, அவனைச் சுமந்து வந்தவர்கள் எந்த ஸ்திதியில் நிற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் என் நாவலுக்குக் கிடைத்த பாராட்டில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நான் இங்கே எழுதத் துணியவில்லை.

அக்காள் மகன் ஊருக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் சிறிய ஏற்பாடு ஒன்று செய்துகொண்டோம். இரவு ஒன்பது மணிக்குமேல் அவள் என் தாள்களைத் தொடக்கூடாது. அத்தியாயம் முடியாவிட்டால் முடியாததுதான். ஆசிரியருக்கு நான் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். "எனக்கு ஒன்றும் கஷ்டமில்லையே" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளை அவளுக்கு முன்னால் நான் வாங்கிப் பார்க்கிறேன்.

இந்தக் கட்டுரையை நானே ஒற்றை விரலால் அடித்தேன். ஐந்து நாள் பிடித்தது. இரண்டாம் நாளே தோளும் கழுத்தும் கடுக்க ஆரம்பித்துவிட்டன. அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், இருக்கிறது என்று சொன்னேன். பத்திரிகைக்கு இது மூன்று நாள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். எழுத்துப் பிழைகள் இருந்தால் அவை என் கணக்கில் சேரட்டும்.